உருக்குப் பிணக்குக்குக் கமக்காரன் தண்டமா?

கடன்காரனுக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்ற ஒருவன், அதனைக் கையிலேந்திச் சென்று அயலவன் பட்டியில் நிற்கும் பசுவை அவிழ்ப்பானாயின், எந்த நீதிமன்றம் பொறுக்கும்? தீர்ப்பே பெறாமல் அவிழ்த்தால்? 2018ஆம் ஆண்டில் இரு வல்லரசுகள் செய்தது இதுவே.

அவ்வாண்டு மார்ச் மாதம், தேசப் பாதுகாப்பைக் காரணங்காட்டி, அந்நிய உருக்குக்கு நூற்றுக்கு 25 வீதமும் அலுமினியத்துக்கு 10 வீதமும் அமெரிக்கா தீர்வை விதித்தது. ஏப்ரலில் சீனா பதில் தீர்வை விதித்தது. எதன்மீது? பன்றியிறைச்சிமீது 25 வீதம். பழங்கள்மீது 15 வீதம்! பின்னர்த் தொழில்நுட்ப உரிமை பற்றிய வேறொரு பிணக்கு முற்றவே, யூலை 6ஆம் திகதி சோயா அவரைமீதும் 25 வீதம் விழுந்தது. ஐயோவாவிலும் இல்லினோயிலும் அப்பொழுது பயிர் வயலில் நின்றது. விதைத்து முடித்தவன் எங்கே போவான்? முந்திய ஆண்டில் அமெரிக்கா ஏற்றுமதி செய்த சோயாவிற் பாதிக்குமேல் வாங்கியது சீனாவே என்பதைக் கமக்காரர் எண்ணிப் பார்ப்பாராக.

"அடித்தவனைத் திருப்பி அடிக்கலாகாதோ?" என்பர் சிலர். அடிக்கலாம், ஆனால் உருக்குத் தீர்வையை எழுதிய கை வேறு, பன்றி வளர்த்த கை வேறு. கமக்காரனின் வாக்கு ஆட்சியை அசைக்கும் என்ற கணக்கில் அவன் வயிற்றிலடித்தனர். ஆட்சி அசைந்ததா? 1,200 கோடி டொலர் வரை உதவிப்பணம் அறிவித்தது; மறு ஆண்டு 1,600 கோடி. சந்தையைப் பறிகொடுத்தவனுக்குப் பிச்சைச் சம்பளம்! சீனாவோ பிரேஸிலிடம் கூடுதலாக வாங்கிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிப்படி, பதிலடிக்கு முன் தீர்ப்பும் அனுமதியும் வேண்டும். அடி நட்டத்தின் அளவை மிஞ்சலாகாது. ஆயினும் பண்டமெல்லாம் ஒரே துறை என அவ்விதி கொள்வதால், உருக்குக்குப் பன்றியை ஈடாக்குவதை அது தடுக்கவில்லை. சட்டம் பயின்றவன் என்ற முறையில் நான் நாணுவது இதற்கே.

அமெரிக்காவின் உருக்குத் தீர்வை விதிக்கு முரணென 2022 டிசெம்பரில் ஒரு குழு தீர்த்தது. அதற்குச் சீனா விதித்த பதில் தீர்வையும் முரணென 2023 ஓகஸ்டில் இன்னொரு குழு தீர்த்தது. இருவருமே குற்றவாளிகள்! இருவரும் மேன்முறையீடு செய்தனர். எங்கே? நியமனங்களை அமெரிக்கா தடுத்தமையால் 2019 டிசெம்பரில் முடங்கி, 2020 நவம்பரில் கடைசி உறுப்பினரையும் இழந்த மன்றத்துக்கு!

பன்றி வளர்த்தவனோ அங்கே வழக்காளியுமல்லன், எதிராளியுமல்லன். அரசுகளுக்கன்றி வேறெவர்க்கும் அம்மன்றில் வழக்கில்லை. அவன் பெயரால் எழுந்து நிற்க ஓர் அப்புக்காத்துக்கும் உரிமையில்லை.