லாச்சப்பலில் ஒரு பழைய சுவர்

சனிக்கிழமை சாமான் வாங்க லாச்சப்பல் வருகிறோம். மெட்ரோவால் இறங்கியதும் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பிவிடும். பக்கத்திலேயே நிற்கிற பூஃப் து நோர் நாடக அரங்கைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறீங்களா?

1876இல் திறந்த அரங்கு அது. 1950களில் மூடப்பட்டு, பாழடைந்து கிடந்தது. 1974இல் இயக்குநர் பீட்டர் புரூக் அதைத் திரும்பத் திறந்தார். ஆனால் சுவருக்குப் புதுப் பூச்சுப் பூசவில்லை; உரிந்த நிறத்தை அப்படியே விட்டார். 1985இல் ஏறக்குறைய ஒன்பது மணி நேர மகாபாரதம் அந்தச் சுவருக்கு முன்னால் நடந்தது. திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய்.

இப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். பிரான்சின் சட்டப்படி, பட்டியலில் ஏறிய கட்டடத்தை உரிமையாளர் நினைச்சபடி இடிக்கேலாது. சுற்றுவட்டாரத்தில், வழமையாக 500 மீட்டருக்குள், கடை முகப்பை மாற்றவும் அனுமதி வேணும்.

நல்லூர் மந்திரி மனையும் தொல்லியல் சின்னம்தான். ஆனால் 2025 செப்டெம்பர் மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பட்டியல் மட்டும் கூரையைத் தாங்காது. உள்ளே ஆள் நடமாட்டம் வேணும், ஒழுக்கு விழுந்தால் உடனே அடைக்க ஆள் வேணும். பூஃப் து நோரில் இன்றைக்கும் நாடகம் நடக்கிறது, வித்தியாசம் அங்கேதான்.

செப்டெம்பர் மூன்றாவது வார இறுதியில் பிரான்சு முழுக்க மரபுரிமை நாட்கள். பல பழைய கட்டடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஊருக்குப் போகேக்கை, நல்லூர்க் கந்தனைக் கும்பிட்ட கையோடு மந்திரி மனையடிக்கும் ஒருக்கா நடவுங்கோ.