நாக் ஏவுகணை புகட்டும் பாடம்

விதைத்தவன் அறுவடையைக் காணாமற் கண்மூடினால் உழவன் வீட்டில் அது துயரம். அரசியலிலோ அது கணக்குக் கேட்கப்படவேண்டிய செய்தி. இந்தியாவின் தாங்கி எதிர்ப்பு ஏவுகணையாகிய 'நாக்'கின் வரலாற்றை இந்நோக்குடனேயே நாம் ஆராய்தல் வேண்டும்.

ஐந்து ஏவுகணைகளை உள்நாட்டிலேயே ஆக்கும் திட்டத்தை இந்திய அரசு 1983இல் தொடங்கிற்று. இராமேசுவரத்திற் பிறந்த தமிழர் அப்துல் கலாம் அதற்குத் தலைமை தாங்கினார். நாகம் என்று பொருள்படும் பெயர் பூண்ட நாக் அவ்வைந்தினுள் ஒன்று. அதன் முதற் சோதனை 1990இல் நடந்தது. கலாம் 2015இல் மறைந்தார். படையினரின் இறுதிச் சோதனை பொக்ரானில் 2020 அக்டோபர் 22ஆம் நாளிலேயே நிறைவேறிற்று. தொடக்கத்திலிருந்து 37 ஆண்டுகள்! இதனைச் சுமந்து செல்லும் ஊர்திகளோடு கூடிய தொகுதிக்கு ஏறத்தாழ 1,800 கோடி ரூபாய் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2025 மார்ச்சில்.

தாமதத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய ஏவுகணைகளை மெல்லிய கம்பியொன்றின் வழியே இலக்குவரை வீரனே செலுத்தவேண்டும். அதுவரை அவன் பகைவரின் குண்டுக்கு இலக்காய் இருப்பான். நாக்குக்கோ வெப்பத்தைக் காணும் கண் உண்டு. புறப்படுமுன்னரே குறியைப் பற்றிக்கொண்டு, 4 கிலோமீட்டர்வரை தானே சென்று, கவசம் மெலிந்த மேற்புறத்தில் தாக்கும். ஆனால் பாலைவனத்தின் கோடைப் பகலில் மணலும் தாங்கியின் இரும்பும் ஒருங்கே கொதித்தபோது அக்கண் தடுமாறிற்று. அதனைத் திருத்த ஆண்டுகள் பல கழிந்தன. 2019 யூலையிற் கொடுங்கோடையில் இரவும் பகலும் நடந்த சோதனைகளிலேயே அக்குறை தீர்ந்ததென்று நிறுவப்பட்டது.

இதனை வெறும் வீண்செலவு என்பார் ஒரு சாரார். ஒப்பற்ற வெற்றி என்பார் மறு சாரார். நாம் இரண்டையும் ஏற்கோம். பிறர் விற்பனைக்கு வைக்கும் ஆயுதத்தை நம்பியிருக்கும் நாடு, விற்பவன் கதவடைக்கும் நாளில் நிராயுதபாணி. ஏவுகணை நுட்பம் பரவுவதைத் தடுக்க வல்லரசுகள் 1987இற் கூடி விதி வகுத்ததை அறிந்தோர், சொந்தக் கைவன்மையைப் பழிக்கமாட்டார்.

எனினும் பாட்டன் தொடுத்த காணி வழக்கிற் பேரன் தீர்ப்புப் பெறுவதை நாம் நீதிமன்றங்களிற் கண்டிருக்கிறோம். தீர்ப்பு நியாயமானதே, ஆனால் இடைப்பட்ட காலத்தில் அக்காணியில் விளைந்திருக்கவேண்டிய நெல் எங்கே? அவ்வாறே நாக் வளர்ந்த காலமெல்லாம் பிரான்சின் மிலானையும் சோவியத் நாட்டின் கொங்கர்ஸையும் இந்தியப் படை நம்பியிருந்தது. 2019இல் இசுரேலின் ஸ்பைக்கும் வாங்கப்பட்டது. சொந்தக் கை வலுப்பெறுமுன் அயற்கைக்கும் கூலி கொடுக்க நேர்ந்தது.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, ஆயுதத்தை ஏந்தப்போகும் வீரன் முதல் நாளிலேயே ஆய்வுகூடத்தில் அமரவேண்டும். இரண்டாவது, பாலையிற் பயன்படுவதைப் பாலையின் கொதிவெயிலிலேயே தொடக்கத்திற் சோதிக்கவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு படியிலும் காலக்கெடு விதித்து, அது தவறினால் ஏன் தவறிற்று என்று பாராளுமன்றம் கேட்கவேண்டும். இரகசியம் காக்கப்படவேண்டியது பகைவனிடமிருந்து. வரி செலுத்துபவனிடமிருந்து அன்று.

ஏவியபின் மறந்துவிடலாம் என்பதே இவ்வாயுதத்தின் சிறப்பென்று அறிஞர் கூறுவர். ஏவியவன் மறக்கலாம். பணம் கொடுத்த மக்களும், அதனை ஒதுக்க வாக்களித்த பிரதிநிதிகளும் ஒருபோதும் மறத்தலாகாது.