காரிலிருந்து கழற்றிய ரேடியோ

பழைய கார் காயலான் கடைக்குப் போகும்போது, அதிலிருக்கும் நல்ல ரேடியோவும் கூடவே போய்விடுகிறது. கழற்றி வைத்தால் வீட்டில் இன்னும் பல வருஷம் பாடும்.

அதற்கு வேண்டியது 12 வோல்ட் டி.சி. கரன்ட். செல்போன் சார்ஜர் பத்தாது. சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால், வீட்டுக்குள் கேட்கிற சத்தத்துக்குத் தாராளம்.

குழப்பமெல்லாம் பின்பக்க ஒயர்களில்தான். தனியாக வாங்கிப் பொருத்திய செட்களில் பெரும்பாலும் கறுப்பு, மைனஸ். சிவப்பு, சாவி திருப்பினால் கரன்ட் வரும் ஒயர். மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக வருவது. பலர் சிவப்பை மட்டும் இணைத்துவிட்டு, ‘செட் அவுட்’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாவம், அது மஞ்சளுக்காகக் காத்திருக்கிறது! இரண்டுமே அடாப்டரின் ப்ளஸ்ஸுக்குப் போகவேண்டும். சிவப்பில் மட்டும் ஒரு ஸ்விட்ச் வைத்தால், ரேடியோவை நிறுத்தினாலும் பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் அழியாது. மஞ்சளில் ஃபியூஸ் கட்டாயம்.

ஸ்பீக்கர் ஒயர்கள் ஜோடி ஜோடியாக வரும். கோடு போட்டது மைனஸ். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அவற்றைக் கறுப்போடு முறுக்கினால், உள்ளே ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. புகைந்துவிடும். ஸ்பீக்கர் 4 ஓம் இருக்கட்டும்.

எஃப்.எம். கேட்க ஏரியல் குழியின் நடுமுனையில் 75 செ.மீ. ஒயர் போதும். மீடியம் வேவ்தான் தகராறு. மலிவு அடாப்டர் கிட்டே இருந்தால் ஒரே இரைச்சல்.

கம்பெனியே பொருத்திய செட் என்றால் ஒயர் நிறங்கள் மாறும். சில செட்கள், பேட்டரி இணைப்பு போனதுமே ரகசிய எண் கேட்கும். அந்த எண் இருக்கும் அட்டை, வழக்கமாகக் காரின் கையேட்டோடுதான் கிடக்கும். காரோடு அதையும் கொடுத்துவிட்டால், ரேடியோ வாயே திறக்காது.