ஜீனோ ஏன் யோசித்தது?

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் இரண்டு மர்மங்கள் உண்டு. ஒன்று, இந்தியாவை ஆளும் ஜீவா என்ற சர்வாதிகாரி யார் என்பது. கதை நடப்பது 2021இல். மக்கள் ஜீவாவைத் திரையில் பார்க்கிறார்கள், வாழ்த்துகிறார்கள், பயப்படுகிறார்கள். பக்கத்தில் போய்த் தொட்டவர் யாருமில்லை. இன்னொரு மர்மம் ஜீனோ. கணவன் சிபி காணாமல் போன பிறகு நிலாவுக்குத் துணையாக வந்து சேரும் அந்த இயந்திர நாய் புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது, யாரும் கட்டளையிடாமல் தானே முடிவெடுக்கிறது. முதல் மர்மத்தைக் கதை தெளிவாக அவிழ்க்கிறது. ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம். இரண்டாவதை அவிழ்க்கவில்லை. ஒரு பொம்மை எந்தக் கணத்தில், எதனால் தன்னைத் தானாக உணர்ந்தது என்பதற்கு ஒரு சர்க்யூட்டைக் காட்டிச் சுஜாதா கணக்கை முடிக்கவில்லை.

ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் ஓடிய கதை அது. படித்தவர்கள், பார்த்தவர்கள் யாரிடம் இன்று கேட்டாலும் முதலில் வரும் பெயர் ஜீனோதான். ஜீவாவின் பெயரை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அடுத்த பாகத்துக்கு ‘மீண்டும் ஜீனோ’ என்றே பெயர் வைத்தார் சுஜாதா. இதை எழுதியவர் விளக்கம் சொல்லத் தெரியாதவரோ, விளக்கத்தை வெறுப்பவரோ அல்ல. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் வாசகர் கேட்ட அறிவியல் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவர். அப்படிப்பட்டவர் ஜீனோ விஷயத்தில் மௌனமாக இருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குன்னூரில் என் பக்கத்து வீட்டுப் பெண் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஓர் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்து முடித்துவிட்டுக் கோபத்தோடு வருவாள். “அக்கா, இத்தனை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அது என்னதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை” என்பாள். இன்னொரு முறை வரும்போது நேர்மாறான புகார். “எல்லாத்தையும் சொல்லிட்டாங்க அக்கா. இப்ப யோசிச்சா அதுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.” இரண்டு கோபமும் நியாயமானவை. இரண்டையும் ஒரே பெண் சொல்வதில் முரண்பாடும் இல்லை. மர்மத்தை விளக்க வேண்டுமா, வேண்டாமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மர்மம் என்று கேட்க வேண்டும்.

‘லாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் 2004 முதல் 2010 வரை ஓடியது. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. அதில் ஆறு எண்கள் வரும். 4, 8, 15, 16, 23, 42. லாட்டரிச் சீட்டில் அவை, நிலவறையின் மூடியில் அவை, கடலில் கேட்ட வானொலிச் செய்தியில் அவை. உலகம் முழுக்கப் பார்த்தவர்கள் நோட்டுப் போட்டுக் குறித்துக்கொண்டார்கள். கடைசிப் பருவத்தில், அவை குறிப்பிட்ட சில மனிதர்களுக்கு இடப்பட்ட எண்கள் என்று ஒரு பதில் வந்தது. அதே எண்கள் லாட்டரியிலும் வானொலியிலும் ஏன் வந்தன என்பதற்குத் தொடருக்குள் பதில் வரவில்லை. இது திறந்து விட்ட மர்மம் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்கிறவரைப் பார்த்து ‘இதைக் குறித்துக்கொள், பிறகு வேண்டியிருக்கும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தையே திருப்பாமல் போனார்கள். ஒரு பொருளைத் துப்பு என்று காட்டிவிட்டால் அதற்குக் கதாசிரியர் பொறுப்பு. அந்தக் கடனை அடைக்கத்தான் வேண்டும்.

அதே தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேமன் லிண்டலாஃப், டாம் பெரோட்டாவின் நாவலை வைத்து அவரோடு சேர்ந்து 2014இல் ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ தொடங்கினார். உலக மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் மறைந்துவிடுகிறார்கள். எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று அந்தத் தொடர் உறுதியான விளக்கம் எதையும் தரவில்லை. ஆனால் அதைத் துப்பறியும்படி நம்மைத் தூண்டவும் இல்லை. மிச்சமிருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், எதை நம்பத் தொடங்குகிறார்கள் என்பதே அதன் கதை. அங்கே நான் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை.

நம்மூர்த் தொலைக்காட்சியில் இதற்கு ஈடாகச் சொல்ல ஒன்று உண்டு. அறிவியல் புனைவு என்று அதை அழைக்க முடியாது, ஆனால் அறிவியல் அதற்குள் வந்து உட்கார்ந்து வாதாடியது. 1990களில் சன் டிவியில் ஓடிய ‘மர்மதேசம்’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. அதில் ‘விடாது கருப்பு’ தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் நடக்கும். இரவில் குதிரையில் வந்து தண்டிப்பது கருப்புசாமியா, மனிதனா? கடைசியில் மனநல மருத்துவம் ஒரு விளக்கம் தருகிறது. ஒரே ஆளுக்குள் பிளவுபட்ட இரண்டு ஆளுமைகள். கொலைகளுக்குக் கணக்கு நேராகிறது, துப்புகளெல்லாம் இடத்தில் பொருந்துகின்றன. ஆனாலும் சாமி பொய் என்று அந்தத் தொடர் தீர்ப்பெழுதவில்லை.

அந்த வாரங்களில் எங்கள் பக்கத்து எஸ்டேட்டின் லைன் வீடுகளில் டிவி இருந்த வீட்டில் மொத்த வரிசையும் கூடும். கொழுந்து பறித்துக் கை கறுத்த ஒரு அம்மா, தொடர் முடிந்த பிறகு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “டாக்டரு சொன்னதும் சரிதான் கண்ணு. கருப்பு இருக்கறதும் சரிதான்.” அவரைக் குழப்பத்தில் விட்டுவிட்டது தொடர் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. கொலை செய்தது யார் என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்தது. எஸ்டேட் எல்லையில் இருக்கும் தன் முனீஸ்வரனைப் பற்றிய கேள்வியைத் தொடர் அவர் கையிலேயே விட்டது.

இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது தொலைக்காட்சி பார்த்து அல்ல, முத்தோரையில். ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே ஒரு வானொலித் தொலைநோக்கி மலைமேல் படுத்திருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970இல் இயங்கத் தொடங்கியது. வடக்கு தெற்காக இருக்கும் ஒரு சரிவை அவர் தேடிப் பிடித்தார். அந்தச் சரிவு ஏறத்தாழ 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. மொத்தக் கருவியையும் ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மலையே கருவியின் ஒரு பாகம். நிலா ஒரு தொலைதூர வானொலி மூலத்தை மறைத்துக் கடக்கும்போது சமிக்ஞை எப்படி அணைந்து எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் துல்லியமாகச் சொன்னார்கள். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டா, அது என்றும் இப்படியே இருந்ததா என்ற பெரிய வழக்கில், பெருவெடிப்பின் பக்கம் சாட்சி சொன்னவற்றில் ஊட்டியின் அளவீடுகளும் உண்டு. பெருவெடிப்பு ஏன் நடந்தது என்பதற்கு அந்தத் தொலைநோக்கி எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக அங்கே யாரும் பாவனை செய்ததும் இல்லை.

ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3 என்ற இன்னோர் ஆய்வுக்களம் இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை அங்கே எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் ஒரு இடிமேகம் கடந்தது. அந்தப் பதினெட்டு நிமிடத்தில் மியூவான்களின் எண்ணிக்கை லேசாகக் குறைந்தது. அந்தச் சிறு குறைவைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். 130 கோடி வோல்ட். 2019இல் முடிவு வெளியானது. இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் அளவில் அழுத்தம் உண்டாகலாம் என்று சி.டி.ஆர். வில்சன் என்ற ஸ்காட்லாந்து இயற்பியலாளர் 1920களில் சொல்லியிருந்தார். அதற்கான சான்று நம் தலைக்கு மேலேயே கிடைத்தது. அது தெரிந்த பிறகு ஐப்பசி இடி எனக்குச் சாதாரணமாகிவிடவில்லை. முன்பைவிட ஆழமாகக் கேட்கிறது. நல்ல விளக்கம் வியப்பைக் கொன்றுவிடும் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த இடிதான்.

பல்சாரின் கதையும் அப்படியே. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, 1.33 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் ஒரு சமிக்ஞையைக் கண்டார். வேற்றுலகவாசிகளாக இருக்கக்கூடும் என்ற நினைப்பில் ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. ஒரு நகரத்தின் அளவே உள்ள உருண்டைக்குள் சூரியனைவிட அதிக நிறை. பச்சை மனிதர்கள் இதைவிடச் சுவாரசியமா? 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவில் ஓஹாயோவில் பதிவான ‘வாவ்’ என்ற வானொலிச் சமிக்ஞைக்கு மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை. அதையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1980இல் மர்மங்களைப் பற்றியே ஒரு தொலைக்காட்சித் தொடர் வழங்கினார். அதில் அவர் மர்மங்களை வகை பிரித்தார். ஒரு காலத்தில் புரியாமல் இருந்து இன்று முழுதும் புரிந்தவை, கொஞ்சம் பிடிபட்டும் இன்னும் தீராதவை, எந்த விளக்கமும் எட்டாதவை. அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவைத் தங்கள் கதைக்கும் போட்டுப் பார்க்கலாம். ஜீவா முதல் வகை. ஜீனோ இரண்டாம் வகை. முதல் வகையை மூன்றாம் வகை போலக் காட்டி ஆறு பருவம் இழுப்பது மோசடி. மூன்றாம் வகையை முதல் வகைக்கு இறக்கி ஒரு வசனத்தில் தீர்ப்பது அதைவிடப் பாவம்.

கிளார்க்கின் பட்டியலில் இல்லாத நான்காவது வகை ஒன்றும் உண்டு, கதையில் விழுந்த ஓட்டை. ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1967இல் வந்த கிளிங்கான்கள் என்ற வேற்றுலக இனத்தாரின் நெற்றி நம்மைப் போலவே வழவழப்பானது. 1979 படத்தில் ஒப்பனைக்குப் பணம் கிடைத்ததும் நெற்றியில் எலும்பு மேடு முளைத்தது. 1996இல் ஒரு தொடரில் இதைக் கேட்டபோது, வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒரு கிளிங்கானே சொல்லிவிட்டான். அழகான பதில், அந்த இனத்தின் மானமும் அதில் இருந்தது. 2005இல் இன்னொரு தொடர் வந்து, மரபணுச் சோதனை, அதில் பரவிய வைரஸ் என்று இரண்டு பகுதி முழுக்க விளக்கியது. விளக்கம் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் ரசிகர்கள் அன்போடு காப்பாற்றிய ஒரு மௌனம் அதோடு போயிற்று. கேட்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் பின்கதை எழுதும் இந்தப் பழக்கம் இன்று பெரிய நிறுவனங்களின் தொழிலாகவே ஆகிவிட்டது.

தமிழில் இப்போது வலைத்தொடர்களுக்குப் பணமும் இருக்கிறது, திறமையும் இருக்கிறது. குற்றக் கதைகள் வரிசையாக வருகின்றன. அறிவியல் புனைவுத் தொடர் என்று சொல்லும்படி வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எழுத முன்வருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதல் பகுதியைப் படமாக்கும் முன்பே, உங்கள் கதையில் எந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று எழுதி வையுங்கள். பதில் இருப்பதை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், காலம் கடத்தாமல். பதில் இல்லாததைத் துப்பு போல மினுக்கிக் காட்டாதீர்கள். அது கேள்வி என்றே சொல்லுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த காஸ்மிக் கதிர்களில், மிக உச்ச ஆற்றல் கொண்டவை எங்கே பிறக்கின்றன என்பது இன்னும் தீரவில்லை. ஊட்டியில் இன்று இரவும் அந்தக் கதிர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.