பச்சை டிக் விழுந்தது, பெட்பேன் வரவில்லை

எங்கள் கப்பலூர் சுங்கச்சாவடியைக் கார் தாண்டியதும் ஃபாஸ்டேக் பணத்தை எடுத்துவிடும். வீடு வந்து சேர்வதற்குள் கைப்பேசியில் தகவலும் வந்துவிடும். நம்மிடம் எடுக்க வேண்டியதை இயந்திரம் மறப்பதே இல்லை. நமக்குச் செய்ய வேண்டியதில் அது எப்படி என்று போன மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தேன். பெயர் வேண்டாம். இந்தச் சாமான் இன்று பல இடங்களில் வந்துவிட்டது.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. நான்கு கட்டில் போட்ட அறை. கட்டில் தலைமாட்டில் ஒரு கியூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் தண்ணீர், விரிப்பு, சாப்பாடு, பெட்பேன், சிஸ்டர் என்று வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் போதும். "இனி நீங்க கூப்பிடவே வேண்டாம் சார்" என்றார் டை கட்டிய இளைஞர்.

இரண்டாம் நாள் இரவு இரண்டரை மணி. அவளுக்குப் பெட்பேன் வேண்டும். தொட்டேன். நான்கு நிமிடத்தில் 'முடிந்தது' என்று பச்சை டிக். ஆள் வரவில்லை. மறுபடி தொட்டேன். மறுபடி பச்சை டிக். எழுந்து ஓடினேன். அந்தத் தளத்தில் 22 கட்டிலுக்கு ஒரு சிஸ்டர், ஓர் ஆயாம்மா. ஆயாம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்புவதற்குள் விரிப்பு நனைந்துவிட்டது. 48 வருடம் என்னோடு வாழ்ந்தவள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் அந்தச் சிஸ்டரிடம் கேட்டேன். என் பேத்தி வயதிருக்கும். "பத்து நிமிஷத்துல முடிக்கலைன்னா மேல சிவப்பாப் போகும் ஐயா. காலையில மீட்டிங்கில கேப்பாங்க. அதான் முதல்ல முடிச்சு விட்டுட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா வர்றோம்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்து நானும் இதைத்தான் செய்தேன். மாதக் கடைசியில் தன்பதிவேட்டில் நிலுவையைக் குறைத்துக் காட்ட வேண்டும். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் போட்டு, கோப்பை ஓராண்டு முடிவில் கட்டிவிடுவோம். அதிகாரிக்குத் திருப்தி. மனு கொடுத்த விதவைக்கு மட்டும் பென்ஷன் வந்திருக்காது. அன்று பேனாவில் செய்த பொய்யை இன்று விரலால் செய்கிறார்கள். இயந்திரம் அதை வேகப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர். கையில் பட்டன் போன். இரவெல்லாம் "தாயி... தாயி..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கணினியில் அவர் பெயருக்கு நேரே கோரிக்கை பூஜ்யம். நிர்வாகம் அறிக்கையைப் பார்த்தால், அந்த அறையிலேயே குறையில்லாத நோயாளி அவர்தான்!

நான் இயந்திரத்துக்கு எதிரியல்ல. 1853-இல் லண்டன் ஹார்லி தெரு மருத்துவமனைப் பொறுப்பை ஏற்றபோது ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கேட்ட வசதிகளில் ஒன்று அழைப்பு மணி. மணி அடித்தால் ஒரு மூடி திறந்துகொள்ள வேண்டும், கூப்பிட்டது யார் என்று செவிலியர் பார்க்கும்வரை அது திறந்தே இருக்க வேண்டும் என்றார். பழைய அழைப்பு விளக்குகளிலும் பலவற்றைக் கட்டிலருகே வந்துதான் அணைக்க முடியும். அணைக்கவாவது ஒருவர் வந்தாக வேண்டும். 2019-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை நூற்றுக்கு மேற்பட்ட அறைகளில் அலெக்சாவை வைத்துப் பார்த்தது. நோயாளி வாயால் சொன்னால் போதும், உரிய ஆளுக்குத் தகவல் போகும்.

ஆக, கருவி வரட்டும். நான் கேட்பது மூன்றுதான். 'முடிந்தது' என்று அழுத்தும் உரிமை நோயாளிக்கோ துணைக்கு இருப்பவருக்கோ மட்டும் இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சாதா மணி இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், வந்து நிற்க ஆள் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது, போதனா மருத்துவமனை என்றால் 3 பேருக்கு ஒருவர். 22-க்கு ஒருவரை நிறுத்திவிட்டு மென்பொருளுக்குக் காசு கொடுப்பது என்ன நியாயம்?

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் நோயாளிக்கும் பொறுமைசாலிக்கும் ஒரே சொல்: 'பஸியான்'. தமிழ்க் காதில் 'பசியான்' என்று விழும், வகுப்பில் சிரிப்போம். பசியையும் வலியையும் ஒரு நோயாளி பொறுத்துக்கொள்வார். ஈர விரிப்பில் கிடந்துகொண்டு 'சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்' என்ற கேள்வியையும் அவர் பொறுக்க வேண்டுமா?

நிர்வாகத்துக்குத் தபாலில் எழுதியிருக்கிறேன். ஒப்புகை வந்துவிட்டது. பதில் வரவில்லை. நீங்கள் யாரையாவது மருத்துவமனையில் சேர்க்கப் போனால், கட்டிலில் அந்தக் கோடு ஒட்டியிருந்தால், இதை மட்டும் கேளுங்கள்: "முடிந்தது என்று அழுத்துவது யார்?"