புது ‘பிளாக்’ வாங்குமுன் பழைய பிஸ்டனைப் பாருங்கள்

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மறுநடவு தொடங்கினால் முதலில் காதில் விழுவது சங்கிலி ரம்பத்தின் இரைச்சல்தான். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரங்கள் சாய்கின்றன; அடிமரங்கள் லாரி ஏறி ஆலைக்குப் போய் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறுகின்றன. அந்த இரைச்சல் திடீரென்று நின்று, இழுவைக் கயிறும் அசைய மறுத்தால் ரம்பம் ‘ஜாம்’ ஆகிவிட்டது என்று பொருள். பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பிஸ்டன், பிளாக் ரெண்டையும் மாத்திடலாம்ணே. செட்டாவே வருது, விலையும் கம்மி.”

இந்தப் பதில் அவசரமானது என்பது என் கருத்து. மலிவான செட்டு போட்ட ரம்பம் சில வாரங்களில் அதே பட்டறை மேசைக்குத் திரும்பி வந்தால், எல்லாரும் செட்டைத்தான் திட்டுகிறார்கள். முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்று யாரும் கேட்காததால், அந்தக் காரணம் எஞ்சினுக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டாவது பிஸ்டனையும் தின்றிருக்கலாம்.

மாணவர்களே, உங்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ இந்த வேலையில் இருக்கலாம். இல்லாவிட்டாலும் தொடர்ந்து படியுங்கள். வெப்ப விரிவு, வட்ட இயக்கம், உலோகக் கலவை, அமிலம் என்று நீங்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவை இந்த உள்ளங்கை அளவுப் பொருளுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

நடுத்தர அளவு ரம்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் 52 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 34 மி.மீ. கொள்ளளவைக் கணக்கிட்டால் சுமார் 72 சி.சி. வரும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 சுற்று, அதாவது நொடிக்கு 200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வருவதால், நொடிக்கு 400 முறை சிலிண்டர் சுவரை உரசுகிறது. சராசரி வேகம் நொடிக்கு 13.6 மீட்டர். ஏறக்குறைய மணிக்கு 49 கிலோமீட்டர்! ஒரு மோட்டார் சைக்கிளின் வேகத்தில் போய், 34 மில்லிமீட்டருக்குள் நின்று, மறுபடியும் திரும்பி ஓடும் உலோகத் துண்டு அது.

அந்தப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அதன் விரிவுக் கெழுவைப் பாகைக்கு 0.00002 என்று கொண்டு, 200 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டம் எவ்வளவு கூடும் என்று போட்டுப் பாருங்கள்: 52 × 0.00002 × 200 = 0.2 மி.மீ. இருக்கும் இடைவெளியைவிட இது பெரிது. சிலிண்டரும் கூடவே விரிவதால்தான் எஞ்சின் ஓடுகிறது. ஆனால் சிலிண்டரைச் சுற்றித் தகடுகள் இருக்கின்றன, விசிறிக் காற்று அடிக்கிறது. பிஸ்டனுக்கு அந்த வசதி இல்லை. பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் குறைந்தால் பிஸ்டன் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, சுவரில் தேய்ந்து, உருகி ஒட்டிக்கொள்கிறது. அதுதான் ‘ஜாம்’.

இந்த எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு மசகு. 50:1 என்று குறிப்பேட்டில் இருந்தால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. 25:1 என்றால் 200 மில்லி. கண்ணளவில் ஊற்றும் பழக்கம் எத்தனை ரம்பங்களைக் கொன்றிருக்கிறதோ!

பழைய பிஸ்டனைக் கழற்றியதும் துடைத்து வீசிவிடக் கூடாது. அதன் உடம்பிலேயே கதை எழுதியிருக்கிறது. புகைபோக்கிப் பக்கம் மட்டும் செங்குத்துக் கீறல்கள் இருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. எஞ்சினில் அதிகச் சூடு தாங்கும் பக்கம் அதுதான், முதலில் விழுவதும் அதுதான். சுற்றிலும் எல்லாப் பக்கமும் வழித்திருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோல் என்று சந்தேகிக்கலாம். காற்று உள்ளே வரும் பக்கம் மணல்தாள் போட்டதுபோல் மங்கிக் கிடந்தால் தூசு. காற்று வடிகட்டி கிழிந்திருக்கும் அல்லது சரியாக உட்காராமல் இருந்திருக்கும்.

சூடு மிஞ்சியதற்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. கலவையைச் சரியாகத்தான் ஊற்றினேன் என்று வேலையாள் சத்தியம் செய்கிறார், அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். பிஸ்டன் மேலே போகும்போது அடியிலுள்ள அறையில் அழுத்தம் குறைந்து, கார்புரேட்டர் வழியாகக் கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த அறையின் இரண்டு பக்கமும் சுழலும் அச்சைச் சுற்றி ரப்பர் சீல்கள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் சூடு தாங்கிய ரப்பர் இறுகி வெடித்திருந்தால், அந்த விரிசல் வழியாக வெறுங்காற்று நுழைகிறது. பெட்ரோலின் பங்கு குறைகிறது. எண்ணெய் பெட்ரோலோடுதானே வருகிறது, அதுவும் சேர்ந்து குறைகிறது. சூடு ஏறும் நேரத்தில் மசகு இறங்குகிறது. ஒரு சிறிய ரப்பர் வளையத்தின் விரிசலுக்கு முழு செட்டைப் பலி கொடுப்பது இப்படித்தான்.

இனி சிலிண்டருக்கு வருவோம். நல்ல சிலிண்டர்களின் உட்சுவர் வெறும் அலுமினியம் இல்லை. அதன்மேல் நிக்கலோடு சிலிக்கான் கார்பைடுத் துகள்கள் கலந்த மெல்லிய பூச்சு இருக்கிறது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் வாங்கல் எஞ்சினுக்காகக் கொண்டுவந்த நிக்கசில் இந்த வகையைச் சேர்ந்தது. சிலிக்கான் கார்பைடு என்பது சாணைக்கல்லில் பயன்படும் பொருள். அவ்வளவு கடினமான சுவரில் மென்மையான பிஸ்டன் மோதினால் யார் தோற்பது? பிஸ்டன்தான். ஆகவே சிலிண்டருக்குள் நீங்கள் காணும் பயங்கரமான கோடுகள் பலவேளைகளில் காயமே அல்ல, பிஸ்டனிலிருந்து வழிந்து ஒட்டிய அலுமினியம். அதை நீக்கிவிட்டால் அடியில் பழைய பூச்சு முழுதாக இருக்கும்.

அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள் அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைக்கிறார்கள். அமிலம் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழிடும். நிக்கலை அது மிக மெதுவாகத்தான் தாக்கும். ஒட்டிய அலுமினியம் தீர்ந்ததும் குமிழ் அடங்கிவிட்டால் பூச்சு பிழைத்தது. அடங்காமல் ஓரிடத்தில் மட்டும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அங்கே பூச்சு போய்விட்டது, அமிலம் சிலிண்டரையே தின்கிறது. குரோமியம் பூசிய பழைய சிலிண்டரில் இதைச் செய்யவே கூடாது, அமிலம் குரோமியத்தையும் கரைத்துவிடும். இந்த வேலை உங்களுக்கு இல்லை, தெரிந்தவர் செய்வதைத் தள்ளி நின்று பாருங்கள். அதன் ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது.

சிலிண்டர் பிழைத்துவிட்டால், தரமான புதுப் பிஸ்டனும் வளையமும் மட்டும் வாங்கிப் பழைய சிலிண்டரிலேயே போடுங்கள் என்பேன். பெயர் தெரியாத முழு செட்டைவிட இது நம்பகமானது. “அசல் உதிரிபாகம் மட்டுமே வாங்கு” என்பது என் வாதம் அல்ல. பிற நிறுவனங்கள் செய்தவற்றிலும் நல்லவை உண்டு. பெட்டியை வைத்து முடிவு செய்யாமல் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

எதைப் பார்ப்பது? முதலில் விட்டம். ரம்பத்தின் மேல் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டில் நிறுவனத்தின் பழைய 038 வகையிலேயே 48, 50, 52 மி.மீ. என மூன்று விட்டங்கள் இருந்தன. விட்டம் 48இலிருந்து 52 ஆவது சிறு வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் பரப்பளவு விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது, கொள்ளளவு 61.5 சி.சி.யிலிருந்து 72.2 ஆகிறது, 17 விழுக்காடு கூடுதல்.

அடுத்து எடை, இதைத்தான் கடையில் யாரும் கேட்பதில்லை. பழைய பிஸ்டனையும் புதியதையும் சமையலறை மின்தராசில் வைத்துப் பாருங்கள். புதியது 5 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிராம்தானே? பிஸ்டன் திசை திரும்பும்போது எழும் விசையை வட்ட இயக்கச் சூத்திரத்தால் தோராயமாகக் கணக்கிடலாம். ஆரம் 17 மி.மீ., நொடிக்கு 200 சுற்று. அந்த ஐந்து கிராம் மட்டும் சுமார் 134 நியூட்டன் விசையைக் கூட்டுகிறது. 13 கிலோ அரிசிப் பையின் எடைக்கும் சற்று மேல்! சுழல்தண்டின் எதிரெடை பழைய பிஸ்டனுக்கு ஏற்பச் செய்யப்பட்டது, இந்த மிச்சத்தை அதனால் சமன் செய்ய முடியாது. மிச்சம் முழுவதும் அதிர்வாகி, கைப்பிடி வழியாக ஒருவருடைய விரல்களுக்குப் போகிறது. நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில் அதிரும் கருவியைப் பிடித்தவர்களுக்கு விரல் மரத்துப்போவதும் பிடிப்பு தளர்வதும் மருத்துவம் அறிந்த நோய். நான் மலிவு செட்டை எதிர்ப்பதற்கு முதல் காரணம் ரிங்கிட் அல்ல, இந்த விரல்கள்.

பிறகு, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளின் ஓரத்தைச் சுண்டுவிரலால் தடவுங்கள். நொடிக்கு 400 முறை பிஸ்டன் வளையம் அந்த ஓரங்களைக் கடக்கவேண்டும். ஓரம் சரிவாக மழுக்கப்படாமல் கூர்மையாக இருந்தால் வளையம் மாட்டி உடையும். பூச்சு செதிலாக உரிந்திருந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குத்தகையாளர்கள் இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வைத்திருக்கிறார்கள்: நேரம் எங்கே? ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட கட்டையைச் சில நாட்களுக்குள் அறுத்துப் பதப்படுத்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், துளைக்கும் வண்டும் வரும். ஒரு ரம்பம் நின்றால் வரிசையே நிற்கிறது. மாற்று ரம்பத்தை எங்கிருந்தாவது கேட்டு வாங்குவதும் எளிதல்ல. 2016ஆம் ஆண்டின் சங்கிலி ரம்பச் சட்டப்படி அதை வைத்திருக்கவும் இயக்கவும் உரிமம் வேண்டும். இந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிஸ்டனைத் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிடம், தராசில் வைக்க ஒரு நிமிடம். ஒரே மாதத்தில் இரண்டாம் முறை ரம்பத்தைப் பிரிப்பதற்குப் போகும் நேரத்தோடு இதை ஒப்பிடுங்கள்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டறைகளில் செத்த பிஸ்டன்கள் குப்பையாகக் கிடக்கின்றன. நாலைந்தை வாங்கிவந்து ஆய்வுக்கூடத்தில் வையுங்கள். 0.1 மி.மீ. வரை மட்டுமே காட்டும் வெர்னியர் அளவியால் பிஸ்டனின் இடைவெளியை ஏன் அளக்க முடியாது, 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர் ஏன் தேவை என்பது அப்போது மாணவர்களுக்குக் கையிலேயே தெரியும். பிஸ்டனின் தலைப்பக்கம் அடிப்பக்கத்தைவிடச் சற்றுச் சிறியதாகக் கடையப்பட்டிருப்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஏன் அப்படி என்று மேலே சொன்ன விரிவுக் கணக்கை வைத்து யோசிக்கட்டும்.

உங்கள் வீட்டு ரம்பம் இப்போது பட்டறையில் இருந்தால், புது செட்டைப் பிரிக்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். புகைபோக்கித் துளையையும் கார்புரேட்டர் பக்கத்தையும் அடைத்து, தீப்பொறிச் செருகி போட்ட நிலையில், கைப்பம்பால் உள்ளே சிறிது அழுத்தம் ஏற்றவேண்டும். அழுத்தமானியின் முள் நின்ற இடத்தில் நிற்கிறதா, இறங்குகிறதா? இறங்கினால் அச்சின் இரு பக்கமும் சோப்பு நீரைத் தடவச் சொல்லுங்கள். எந்தச் சீலில் குமிழ் வருகிறதோ அதை முதலில் மாற்றட்டும். செட்டுப் பெட்டி அதுவரை மூடியே இருக்கட்டும்.