மாற்றுச் சர்வரும் ஒத்திகையும்

பெருமாட்டியில் உழவர் ஒருவர், மின்மோட்டார் பழுதுற்றால் உதவுமெனக் கொட்டகையில் எண்ணெய் எஞ்சின் ஒன்றை வைத்திருக்கலாம். இடையிடையே அதனை ஓட்டிப் பாராவிடில், பயிர் வாடும் நாளில் அது கைகொடுக்குமென்பது உறுதியன்று. சர்வர் தொகுதிகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.

தொகுதியிலுள்ள சர்வர்கள், தாம் இயங்குவதை அறிவிக்கும் சைகையை ஒன்றுக்கொன்று இடைவிடாது அனுப்புகின்றன. முதற் சர்வரின் சைகை நின்றதும் மாற்றுச் சர்வர் பணியை ஏற்கிறது. எனினும், இடைத்தொடர்பு மட்டுமே அறுந்தால், இரண்டும் தம்மையே தலைமையெனக் கொண்டு பதிவுகளைக் குழப்பக்கூடும். இதனைத் தடுக்கவே மூன்றாவதாக ஒரு சாட்சி வைக்கப்படுகிறது.

2021 பிப்ரவரி 24 அன்று தொலைத்தொடர்பு இணைப்புகள் பழுதுற்றமையால் தேசியப் பங்குச் சந்தையின் இடர் மேலாண்மை அமைப்பு முடங்கிற்று. முற்பகல் 11.40 மணிக்கு நின்ற வாணிபம் பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டது. மாற்று நிலையம் இருந்தும் பணி அங்கு மாற்றப்படவில்லை. 2024 மார்ச் 2 அன்றோ, ஒரே நாள் வாணிபத்தின் இடையே மாற்று நிலையத்திற்கு மாறிப் பார்த்தனர். இதுவே முறை.

பிற கணினிகளைக் காக்கும் பாதுகாப்பு மென்பொருளுக்கு இவ்வொத்திகை மேலும் இன்றியமையாதது. காவலன் அயர்ந்தால் அதனை அறிவிப்பார் இலர். மாற்றுச் சர்வரை வாங்குவது பாதி வேலையே. மாற்றத்திற்கு ஆணையிடுபவர் யார், எவ்வளவு நேரத்திற்குள் என்பவற்றை முன்னரே எழுதிவைத்துப் பழகுதல் மறுபாதியாகும்.